மலையிலிருந்து இறங்க நூறு சிசி வண்டியைத் தயார் செய்த கதை

நேற்று மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கி, அடிவாரச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பாட்டிலைத் திறந்து, முன் சக்கரத்தின் நடுவில் பிரேக்கை உள்ளடக்கிய உருளையான டிரம்மின் மேல் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டுகள் வழிந்து கீழே இறங்கின. கடந்த நவம்பரில் இதே இடத்தில் இதையே செய்தபோது, காய்ந்த தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுரீரென்று ஆவியாகிப் போனது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், எவ்வளவு செலவானது என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். அதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மலைப்பாதையில் தினமும் சிறிய வண்டியில் போய் வருபவர்களுக்கு இதில் சிலவாவது பயன்படும்.

வண்டி 2012இல் அப்பா வாங்கியது. 97.2 சிசி இன்ஜின், கார்புரேட்டர், நான்கு கியர், முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம் பிரேக், இரண்டு பக்கமும் 2.75-18 டயர். சேலத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் இந்த வகை வண்டிகள் நாலைந்து கண்ணில் பட்டுவிடும். கோரிமேட்டிலிருந்து சூரமங்கலத்துக்குப் பதினோரு ஆண்டுகள் அப்பாவைச் சுமந்தது. அந்த ஆண்டுகளில் டயர், பேட்டரி, செயின், ஆயில் தவிரப் பெரிய செலவு எதையும் அது வைத்ததில்லை. 2023 ஜூனில் ஏற்காட்டைத் தாண்டிய ஒரு மலைக்கிராமத் தொடக்கப் பள்ளிக்கு எனக்கு மாறுதல் வந்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டிலிருந்து பள்ளி 33 கி.மீ. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். சமவெளியில் வேலைக்குப் போய்வருவதற்கென்று உருவான வண்டியை நான் தினமும் மலையில் ஓட்டினேன். அதற்கு வண்டியில் என்ன மாற வேண்டும் என்று ஒன்றரை ஆண்டு யோசிக்கவே இல்லை.

நவம்பர் மாத மாலை. தூறல், மூடுபனி. பின் சீட்டில் திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு கட்டு. பெட்ரோல் மிச்சமாகும் என்று பல இடங்களில் நியூட்ரலில் விட்டு இறங்குவது அப்போது என் வழக்கம். கீழிருந்து எண்ணினால் ஐந்தாவது வளைவு. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. பின் பிரேக்கை மிதித்தால் களிமண்ணை மிதிப்பது போல இருந்தது. வண்டி வளைவின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. மேலே வந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஓட்டுநர் முன்கூட்டியே பார்த்து நின்றுவிட்டார். நான் மலைப்பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். அவர் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அங்கிருந்து முதல் கியரில் ஊர்ந்து இறங்கி, அடிவாரத்தில்தான் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்தேன்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றாமலே முன் கேபிள் நட்டையும் பின் பிரேக் ராடு நட்டையும் நான்கு சுற்று இறுக்கிவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். லீவர் கெட்டியாக இருந்தது. எனக்கும் திருப்தியாகவே இருந்தது. ஆனால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பிடிக்காதபோதும் ஷூ, அதாவது டிரம்மின் உட்பரப்பை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பிறைவடிவப் பாகம், டிரம்மில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மலை ஏறும்போதே டிரம் சூடாகிவிட்டது. முதல் தவறு இது. சூட்டினால் பிடிக்காமல் போன பிரேக்கை இறுக்கியதால் சூடு இன்னும் கூடியது.

இரண்டாவது தவறு என்னுடையது. பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 240 ரூபாய்க்குக் கிடைத்த பிரேக் ஷூக்களை வாங்கி மாட்டினேன். அட்டைப் பெட்டி ஒரிஜினல் போலவே இருந்தது. ஒரு வாரத்தில் ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனரின் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தது. மலையில் நான்கு வளைவு வரை பிடித்தது. ஐந்தாவதில் மறுபடியும் களிமண்.

அளந்து பார்க்காமல் இனி எதையும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்தது அப்போதுதான். வீட்டருகே புதிதாகப் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவில் சமமான தார்ச்சாலை ஒன்று இருக்கிறது. மாலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, 30 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடித்து, நின்ற இடம் வரை 30 மீட்டர் நாடாவால் அளந்தேன். ஐந்து முறை செய்து சராசரி எடுத்தேன். மெக்கானிக் இறுக்கியிருந்த பழைய ஷூவுடன் 11.5 மீட்டர். மலிவு ஷூவுடன் 10 மீட்டர். இரண்டும் டிரம் குளிர்ந்திருந்தபோது எடுத்த அளவுகள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கிடைத்த அந்த நாட்களில் வண்டியைத் திண்ணையில் ஏற்றிப் பிரித்தேன்.

இந்த வண்டியின் மிகப்பெரிய நன்மை அங்கேதான் எனக்குப் புரிந்தது. 10, 12, 14, 17, 19 என்று ஐந்து ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளையர், ஒரு ரப்பர் சுத்தியல். இவற்றைக் கொண்டே இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். இதற்கு முன் பஞ்சர்கூட ஒட்டிப் பழகாதவன் நான். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் பழைய செய்தித்தாளின் மேல் இடமிருந்து வலமாக வைத்து, பக்கத்தில் எண் எழுதினேன். மாட்டும்போது வலமிருந்து இடமாக வந்தால் போதும்.

டிரம்முக்குள் இருந்த கருந்தூளை வாயால் ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்து எடுத்தேன். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் இதில் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் நண்பரிடம் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கினேன். டிரம்மின் உள்விட்டம் புதிதில் 130.0 மி.மீ.; அனுமதிக்கப்பட்ட எல்லை 131. முதலில் அளந்தபோது முன் டிரம் சரியாக 130.0 காட்டியது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய டிரம் தேயவே இல்லையா என்று சந்தேகம் வந்து விரலை உள்ளே விட்டுத் தடவினேன். விளிம்பில் ஒரு சிறு உதடு போல மேடு இருந்தது. ஷூ தொடாத அந்த மேட்டைத்தான் அளந்திருக்கிறேன். வெர்னியரின் தாடையை இன்னும் உள்ளே செலுத்தி நான்கு திசையில் அளந்தால் 130.3, 130.1, 130.3, 130.2. வட்டம் வட்டமாக இல்லை. பின் டிரம் 130.5, நடுவில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள். புதிய ஷூவை இதில் எத்தனை முறை மாற்றினாலும் மேடான இடங்கள் மட்டுமே தொட்டு, அங்கே மட்டுமே சூடேறும்.

இரண்டு சக்கரத்தையும் அம்மாப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சக்கரத்தை ரிம்மோடு அப்படியே லேத்தில் மாட்டிக் கடைந்தார் அந்தப் பெரியவர். வேலையை அவசரப்படுத்தவில்லை, ஒவ்வொரு கடைசலுக்கும் இடையில் நிறுத்தி என்னையே அளக்கச் சொன்னார். முன் டிரம் 130.6இல் வட்டமானது. பின் டிரம்மின் பள்ளங்கள் மறைய 130.8 வரை போக வேண்டியிருந்தது. “தம்பி, பின் சக்கரத்தை இன்னொரு முறை என்னிடம் கொண்டுவராதீர்கள். அடுத்த முறை ஹப் மாற்றிவிடுங்கள்” என்றார். டிரம் சேர்ந்த சக்கர நடுப்பகுதிதான் ஹப். இரண்டுக்கும் சேர்த்து 400 ரூபாய். இந்த வேலையில் நான் செலவழித்த பணத்தில் மனம் நிறைந்து கொடுத்தது இதைத்தான்.

இந்த முறை நிறுவனத்தின் ஒரிஜினல் ஷூக்கள், இரண்டு ஜோடி 640 ரூபாய். லைனர் தடிமன் 4 மி.மீ.; 2 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகளும் தளர்ந்திருந்தன. 40 ரூபாய்க்குப் புதியவை. இவற்றோடு முன் பிரேக் கேபிள் 160 ரூபாய்.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். முன் பிரேக் பிளேட்டின் உள்ளே ஸ்பீடோமீட்டரைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. அது வறண்டு கிடந்தது. பிரித்ததுதான் பிரித்தோம், நன்றாகவே செய்துவிடுவோம் என்று சாதாரண கிரீஸை அதில் நிறைய அடைத்தேன். ஷூக்களை விரிக்கும் பிரேக் கேமிலும் தாராளமாகத் தடவினேன். பாதை திறந்த பிறகு முதல் நாள் இறக்கத்தில், அறுபது அடி பாலத்துக்கு அருகில் முன் பிரேக் மெல்ல மெல்லக் காணாமல் போனது. இம்முறை நியூட்ரலில் விடாமல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை. வீட்டில் பிரித்துப் பார்த்தால் கிரீஸ் சூட்டில் உருகி, சீலைத் தாண்டி லைனரில் ஊறியிருந்தது. பெட்ரோலில் கழுவினேன், வெயிலில் காய வைத்தேன், உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த மேற்பரப்பில் மறுநாள் காலை மறுபடியும் எண்ணெய் வியர்த்திருந்தது. நிற்கும் தூரத்தை அளந்தேன்: 14 மீட்டர். எதையும் மாற்றாமல் இருந்தபோது இருந்ததைவிட மோசம். கிரீஸ் ஊறிய லைனரைக் காப்பாற்ற முடியாது. 320 ரூபாய் ஷூவைக் குப்பையில் போட்டேன். அடுத்த முறை 90 ரூபாய்க்கு உயர்வெப்பக் கிரீஸ் வாங்கி, கேமின் தண்டில் தீக்குச்சி முனையளவு, ஷூ உட்காரும் இடங்களில் அதிலும் பாதி, பல்சக்கரத்தில் பற்கள் ஈரமாகும் அளவு என்று நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் முறை மாட்டும்போது வகுப்பறைப் பழக்கம் ஒன்று கைகொடுத்தது. டிரம்மின் உட்பரப்பு முழுவதும் மஞ்சள் சாக்பீஸால் தடவினேன். சக்கரத்தை மாட்டி, பிரேக்கை மிக லேசாகப் பிடித்தபடி கையால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினால், ஷூவில் எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. முதல் முறை ஷூவின் ஒரு முனையில் இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் மஞ்சள். அந்த மேட்டை 80 எண் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன். ஏழு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ஏழாவது முறை ஷூவின் மூன்றில் இரண்டு பங்கு மஞ்சளாக இருந்தது. இதற்கு எந்தப் பட்டறையும் நேரம் ஒதுக்காது. கூலி கொடுத்துக் கட்டுபடியும் ஆகாது. சொந்த வண்டி, சொந்த ஞாயிறு என்றால்தான் முடியும்.

அன்றுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளிப்பக்கம் கேம் தண்டின் முனையில் ஒரு புள்ளிக் குறி இருக்கிறது; கேபிள் இழுக்கும் பிரேக் ஆர்மிலும் ஒரு குறி. இரண்டும் நேராக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஆர்ம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. லைனர் தேய்ந்த காலத்தில் ஷூ மாற்றாமல் ஒப்பேற்ற எப்போதோ யாரோ செய்த வேலை. லைனர் தேய்மானத்தைக் காட்டும் அம்புத் தகட்டையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பிரேக் பிடித்த நிலையில் ஆர்முக்கும் கேபிளுக்கும் இடையே பாகைமானியை வைத்தேன். 115 பாகை. கையின் வலு வீணாகப் போயிருக்கிறது. குறிக்கு நேராக மாட்டியதும் ஏறத்தாழ 90 பாகைக்கு வந்தது. பைசா செலவில்லாத திருத்தம். கைக்குத் தெரிந்த மாற்றத்தில் பாதி இதனால்தான் என்று நம்புகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டு குறிகளைப் பார்த்துவிடுங்கள்.

புதிய ஷூவுடன் முதல் 300 கி.மீ. மெதுவாகப் பிடித்து ஓட்டினேன். பிறகு அளந்தேன். ஐந்து முறையின் சராசரி 7 மீட்டர்.

ஆனாலும் அடிவாரத்தில் தண்ணீர் சுரீரென்றது. முன்பைவிடக் குறைவு, ஆனால் சுரீரென்றது. பிரேக்கின் குறை எல்லாம் தீர்ந்த பிறகும் சூடு தீரவில்லை. விடை சொன்னவர் எங்கள் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். என்னுடையதைப் போன்ற வண்டியில்தான் மிளகு மூட்டை கட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவார். ஒரு மாலை என் பின்னாலேயே வந்தவர், சோதனைச்சாவடியில் நிறுத்திச் சொன்னார்: “வாத்தியாரே, உங்கள் பின் பிரேக் விளக்கு வழி முழுக்க எரிந்துகொண்டே வந்தது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொடுங்கள்.” நியூட்ரலை நான் விட்டிருந்தேன், ஆனால் மூன்றாவது கியரில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் இரண்டாவது கியர். இன்ஜின் முனகுகிறது; வண்டி மணிக்கு 25, 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் தானாகவே இறங்குகிறது. வளைவுக்கு முன் ஒரு முறை உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுகிறேன். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கிறது. இறங்க ஆறு நிமிடம் கூடுதலாக ஆகிறது. இயந்திரத்தில் இல்லாத பாடத்தை மூட்டை சுமக்கும் மனிதரிடம் கற்றேன். தொடக்கத்திலேயே அவரிடம் பேசியிருந்தால், நவம்பர் மாலை நடந்திருக்காது.

இறக்கம் சரியானதும் ஏற்றத்தின் மேல் கவனம் போனது. உட்பக்கமாகத் திரும்பும் செங்குத்தான வளைவுகளில் இரண்டாவது கியரில் இன்ஜின் திணறும். முதலுக்கு மாற்றினால் அலறும். நூறு சிசி வண்டியின் உண்மையான எல்லை இது. எட்டு குதிரைத்திறனுக்கு உட்பட்ட இன்ஜின், நான்கு கியர், இடையில் பெரிய இடைவெளிகள். செயினைச் சுழற்றும் முன் பல்சக்கரத்தில் 14 பல் இருந்தது. 210 ரூபாய்க்கு 13 பல் சக்கரம் வாங்கி மாட்டினேன். ஒரு பல் குறைந்தால் இழுவை ஏறத்தாழ ஏழரை சதவீதம் கூடும். இரண்டாவது கியரிலேயே இப்போது எல்லா வளைவும் ஏறுகிறது. இறங்கும்போது இன்ஜின் பிடிப்பும் அதே அளவு கூடியிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை, பெரிய லாபம்.

இங்கும் ஒரு தவறு. தேய்ந்த பழைய செயினைப் புதிய பல்சக்கரத்தில் மாட்டினேன். பின் பல்சக்கரத்தில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கடகடவென்று சத்தம், தினமும் தொய்வு. கடைசியில் 1,250 ரூபாய்க்கு முழு செட் வாங்கினேன். அதிலிருந்த 14 பல் சக்கரம் பெட்டியிலேயே இருக்கிறது. சமவெளிக்கு மாறுதல் வந்தால் மாட்டிக்கொள்ளலாம். செயின் தொய்வை நடுவில் 25 மி.மீ. வைத்திருக்கிறேன்.

இழப்பும் உண்டு. முன்பு லிட்டருக்கு 52 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 49 கொடுக்கிறது. தினம் 66 கி.மீ., லிட்டர் ஏறத்தாழ 102 ரூபாய் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு எட்டு ரூபாய் கூடுதல். ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் அறுபதுக்கு மேல் இன்ஜின் கத்துகிறது. லாரிகளுக்கு ஒதுங்கியே போக வேண்டியிருக்கிறது. மலைக்காக நான் மனமறிந்து கொடுத்த விலை அது.

இரண்டு முயற்சிகள் தோற்றன. ஏற்காட்டின் மெலிந்த காற்றில் பிளக் கரி பிடிக்கிறது. கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைச் சுற்று திருப்பிப் பார்த்தேன். மேலே இன்ஜின் சீராக ஓடியது; மறுநாள் காலை கோரிமேட்டில் பதினைந்து உதை உதைத்தும் கிளம்பவில்லை. பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, மாதம் ஒருமுறை பிளக்கைத் துலக்குகிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் ஊசித்தெளிப்பு இருப்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

மற்றொன்று முகப்பு விளக்கு. என் வண்டியில் அது பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் சுழலும் வேகத்துக்கு ஏற்ப எரிகிறது. வளைவில் வேகம் குறைந்தால், வெளிச்சம் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில் விளக்கு மங்கிவிடும். 450 ரூபாய்க்கு ஒரு எல்இடி பல்பு வாங்கினேன். மூடுபனியில் அதன் வெள்ளை ஒளி சுவர் போல எதிரே நின்றது; எதிரில் வந்தவர்கள் கண்ணை மூடினார்கள். கழற்றிவிட்டேன். இப்போதைக்கு 35 வாட் பழைய பல்பு, துலக்கிய எர்த் இணைப்பு, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் கட்டாயம். டிசம்பரில் இந்தக் கட்டாயம் கடினம். வண்டியின் குறைகளில் எனக்கு இன்றும் கவலை தருவது இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இதை விற்றுவிட்டு 150 சிசி, டிஸ்க் பிரேக் என்று போகவில்லை என்று அண்ணன் கேட்கிறார். டிஸ்க் பிரேக் இந்த மலைக்கு நிச்சயமாக மேல். புதிதாக வாங்குபவர் மலையில் ஓட்டுவதாக இருந்தால் முன்பக்க டிஸ்க் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். நூறு சிசியிலேயே வாங்குவதானாலும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் ஒன்றை மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. அது நல்ல முன்னேற்றம். என்னிடம் இருப்பது ஏற்கெனவே விலை கொடுத்து முடித்த வண்டி. எடை 112 கிலோ. 64 வயது அப்பா இன்றும் தனியாக நடு ஸ்டாண்டில் ஏற்றுகிறார். மழையில் சகதியான பள்ளிச் சாலையில் பெரிய வண்டிகள் சிக்கி நிற்கும் இடத்தில் காலை ஊன்றி ஊன்றித் தள்ளிக் கடந்துவிடலாம். ஏற்காட்டிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் எந்தச் சிறு கடையிலும் கேபிளும் ஷூவும் கிடைக்கின்றன. டியூப் டயர் என்பதால் பஞ்சர் ஆனால் காற்று சட்டென்று இறங்குகிறது, அது குறைதான். ஆனால் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

மொத்தச் செலவு 3,800 ரூபாய். மெக்கானிக்குக் கொடுத்த ஐம்பதைச் சேர்க்கவில்லை. அதில் மலிவு ஷூ 240, கிரீஸில் போன ஷூ 320, பல்பு 450 என்று 1,010 ரூபாய் வீண். மறுபடி செய்வதானால் முதல் நாளே சக்கரத்தைக் கழற்றி அளப்பேன். கிரீஸை விரலால் தொடமாட்டேன், குச்சியால்தான் தொடுவேன். 13 பல் சக்கரத்தைச் செயின் செட்டோடு ஒரே நாளில் மாற்றுவேன்.

பின் டிரம்முக்கு இன்னும் 0.2 மி.மீ. மட்டுமே மிச்சம். ஹப் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். கம்பி கோத்து ரிம் நேராக்க ஆளும் பார்த்தாகிவிட்டது. கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் பின் சக்கரத்தைக் கழற்றுகிறேன். மஞ்சள் சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கியாயிற்று.